காற்று எந்தப் பக்கம் வீசுகிறது?

1984 டிசம்பர் 2 நள்ளிரவு கடந்த வேளையில், போபால் நகரின் யூனியன் கார்பைடு பூச்சிக்கொல்லி ஆலையிலிருந்து ஏறத்தாழ 40 டன் மெத்தில் ஐசோசயனேட் வாயு வெளியேறியது. பொதுமக்களை எச்சரிக்க வேண்டிய சங்கு சற்று நேரமே ஒலித்து நிறுத்தப்பட்டது. உறக்கம் கலைந்த மக்கள் கண் எரிய, மூச்சுத் திணறத் தெருவில் ஓடினர். ஓடியதால் மூச்சு இரைத்தது. மூச்சு இரைத்ததால் நஞ்சு மிகுதியாக உள்ளே சென்றது. அரசுக் கணக்கின்படியே உடனடி மரணங்கள் 2,259.

நனைத்த துணியால் முகத்தை மூடுங்கள், வாயு வரும் பாதையிலேயே ஓடாமல் காற்றின் போக்குக்குக் குறுக்கே விலகுங்கள் என்ற ஒரு வரிச் செய்தி பல உயிர்களைக் காத்திருக்கும். அதைச் சொல்லத்தான் எவருமில்லை.

அதன் பிறகு சட்டங்கள் வந்தன. ஆலையைச் சுற்றி வாழ்வோருக்கு அபாயத்தையும் தற்காப்பு முறையையும் தெரிவிப்பது ஆலையினரின் கடமை என 1989ஆம் ஆண்டின் அபாயகர இரசாயன விதிகள் கூறுகின்றன. ஆயினும் 2020 மே 7 அதிகாலை விசாகப்பட்டினத்தில் ஸ்டைரின் வாயு கசிந்தபோது, ஆலையில் சங்குகள் இருந்தும் அவை ஒலிக்கவில்லை. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூரில் அம்மோனியா கசிந்தபோது, மீனவக் குடும்பங்கள் வீடுகளை விட்டு இருளில் ஓடின.

மக்களிடம் சொன்னால் பீதி பரவும் என்பர் சிலர். நாம் இதை ஏற்பதற்கில்லை. பீதியைப் பிறப்பிப்பது அறியாமையே. என்ன செய்ய வேண்டும் என அறிந்தவர் பதறினாலும் வழி தவறுவதில்லை. 'எல்லாம் விதி' என்று நாமும் வாளாவிருந்தால், சொல்லக் கடமைப்பட்டவர்கள் அந்த விதியின் பின்னே ஒளிந்துகொள்வார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டே இறைவனிடம் பொறுப்புச் சாட்டக் கற்ற சமுதாயம் நாம்.

நம் ஒவ்வொருவர் வீட்டிலும் தெரிந்திருக்க வேண்டியவை சிலவே. நச்சுவாயு பரவும்போது வெளியேறும்படி அறிவிப்பு வராதவரை கதவு, சன்னல்களை அடைத்து, இடுக்குகளில் ஈரத்துணி செருகி, குளிரூட்டியை நிறுத்தி உள்ளே இருப்பதே பெரும்பாலும் பாதுகாப்பு. சமையல் எரிவாயுக் கசிவு இதற்கு நேர்மாறு. அப்போது விளக்கையோ மின்விசையையோ தொடாமல் வெளியேறிவிட வேண்டும். டாங்கர் லாரி கவிழ்ந்தால் வேடிக்கை பார்க்க நெருங்கலாகாது. அதன் பலகையிலுள்ள நான்கு இலக்க எண்ணைத் தொலைவிலிருந்தே படிக்க முடிந்தால், 112ஐ அழைத்துக் கூற வேண்டும். 1005 என்றால் அம்மோனியா. 1017 என்றால் குளோரின். தீயணைப்புத் துறையினருக்கு அந்த எண்ணே பாதி வேலையை முடித்துத் தரும்.

ஆலைகளின் அருகிலுள்ள மஹல்லாக்களின் ஜமாஅத்தினரிடம் நாம் வேண்டுவது இரண்டு. மாவட்ட ஆட்சியரிடம் உள்ள அவசரகாலத் திட்டத்தில் நம் பகுதிக்கு உரியதைத் தமிழில் எழுதித் தருமாறு கேளுங்கள். ஆபத்து வேளையில் அதிகாரிகள் உறுதிசெய்த அறிவிப்பை, எம்மதத்தவரும் கேட்கும்படி பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொல்வதற்குப் பொறுப்பாளர் ஒருவரை இன்றே நியமியுங்கள். வாட்ஸ்அப் வதந்தியை முந்த அதுவே வழி.

நச்சுக்காற்று தெருவையும் சமயத்தையும் பார்த்து வீசுவதில்லை. நமது எச்சரிக்கையும் அவ்வாறே அனைவரையும் சென்றடையட்டும். வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் காப்பானாக.