பாட்டியாரின் பெட்டகமும் நம் பொறுப்பும்

இல்லம் என்பது சுவரும் கூரையும் மட்டுமன்று. அதனுள் வாழ்வோர் பொருள்களைப் பேணி வைக்கும் முறையும் இல்லத்தின் இயல்பைக் காட்டுவதாகும். அண்மைக் காலமாக நம்மிடையே பழங்கால அலமாரிகளையும் பெட்டகங்களையும் தேடி வாங்கி வரவேற்பறையில் நிறுத்தும் வழக்கம் பெருகி வருகிறது. இது வரவேற்கத்தக்கதா, அன்றி வெறும் பகட்டா என்னும் வினாவை எழுப்பிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் சொற்களைக் காண்போம். நாம் அன்றாடம் வழங்கும் மேசை, அலமாரி, சாவி ஆகிய மூன்றும் போர்த்துக்கீசிய மொழியிலிருந்து நம்மிடம் வந்து குடியேறியவை. இலங்கைத் தமிழர் இழுப்பறையை 'லாச்சி' என்பர். அது ஒல்லாந்தர் தந்த சொல். பெட்டகமோ நம் சொல். சிங்களவர் அதனைப் 'பெட்டகம' என்று வழங்குகின்றனர். கடல்வழி வந்தோர் கொடுத்ததும் நம்மிடம் கொண்டதும் இச்சொற்களிலேயே பதிவாகியுள்ளன. ஒரு வீட்டின் மரச்சாமான் அவ்வீட்டாரின் வணிகத்தையும் உறவையும் பயணத்தையும் சொல்லும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

இதனை நன்குணர்த்தும் ஊர் பழவேற்காடு. 1613ஆம் ஆண்டு ஒல்லாந்தர் அங்கே கெல்ட்ரியாக் கோட்டையை எழுப்பினர். 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்திற்கு மாற்றப்படும் வரை சோழமண்டலக் கரையில் அவர்தம் வணிகத்தின் தலைமையிடம் பழவேற்காடே. அந்நூற்றாண்டில் இக்கரையின் தச்சர்கள் கருங்காலி மரத்தில் நுணுக்கமாகச் செதுக்கிய நாற்காலிகளும் பேழைகளும் ஐரோப்பாவுக்குச் சென்றன. 18ஆம் நூற்றாண்டில் ஹொராஸ் வால்போல் என்னும் ஆங்கில எழுத்தாளர் அத்தகைய கருங்காலி நாற்காலிகளைத் தேடி வாங்கித் தம் மாளிகையில் வைத்தார். அவை டியூடர் மன்னர் காலத்து ஆங்கிலப் படைப்புகள் என்பது அவரது நம்பிக்கை. அவை சோழமண்டலக் கரையில் செய்யப்பட்டவை என்பதைப் பிற்கால ஆய்வாளர் எடுத்துக்காட்டினர். இதற்கு மறுதலையாக, 'கோரமண்டல்' என நம் கரையின் பெயர் தாங்கி ஐரோப்பாவில் புகழ்பெற்ற அரக்குத் திரைத் தட்டிகள் சீனத்தில் செய்யப்பட்டவை. நம் துறைமுகங்கள் வழியே சென்றமையால் அப்பெயர் பெற்றன. கற்றறிந்த செல்வரே இங்ஙனம் ஏமாறினர் எனில், விற்பவர் சொல்லும் ஊரையும் ஆண்டையும் நாம் அப்படியே ஏற்றுக்கொள்ளலாகாது என்பது தெளிவு.

இனி என் சொந்த அனுபவம் ஒன்றைக் கூறுதல் பொருந்தும். பழவேற்காடு ஏரியின் மேற்குப் பக்கத்தில் உள்ள சுண்ணாம்புக்குளத்தில் எங்கள் உறவினர் இல்லம் ஒன்று உண்டு. அங்கே என் தாய்வழிப் பாட்டியார் திருமணத்தின்போது கொண்டுவந்த தேக்குப் பெட்டகம் ஒன்று இருந்தது. பித்தளைப் பட்டைகள் பதித்தது. பூட்டைத் திறந்தால் சாம்பிராணியும் பழந்துணியும் கலந்த மணம் வீசும். சிறுவயதில் அதன் மீதேறி அமர்ந்து நான் பாடம் படித்ததுண்டு. சில ஆண்டுகளுக்கு முன் அவ்வில்லத்தை இடித்துப் புதிதாகக் கட்டினார்கள். ஊருக்கு வந்த தரகர் ஒருவர் பெட்டகத்திற்கு விலை பேசினார். அவர் தந்த தொகைக்குக் கடையில் ஓர் ஒட்டுப்பலகை அலமாரி வாங்கலாம். அவ்வளவே. செய்தி அறிந்து இரண்டு நாள் கழித்து நான் சென்று சேர்ந்தேன்.

பெட்டகம் போனதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆயினும் அது பெரிதன்று. அதன் அடியில் பச்சைத் துணியில் சுற்றி வைத்திருந்த கையெழுத்துத் தாள்களைப் பற்றிக் கேட்டேன். பாட்டியாரின் தந்தையார் தம் கைப்பட அரபுத்தமிழில் எழுதிய பாடல்கள் அவை. "ஏதோ பழைய அரபித் தாள்கள் இருந்தன; கரையான் அரித்திருந்தது. மிதிபடக் கூடாதென்று ஏரியில் விட்டுவிட்டோம்" என்று மரியாதையோடு விடை கூறினர். அரபு எழுத்தில் இருந்தது தமிழ் என்பதை அவர்களுக்குச் சொல்வார் இல்லை. எழுத்துக்குக் காட்டிய மரியாதையே அந்நூலுக்கு இறுதியாயிற்று. நான் யாரைக் குறை கூறுவேன்? தமிழ் கற்பிக்கும் நான், இருபது ஆண்டுகளாக அவ்வில்லத்திற்குச் சென்று விருந்துண்டு திரும்பியவன், ஒருநாள் அதைத் திறந்து படியெடுத்திருக்கலாம். செய்யவில்லை. அக்குறை என்னுடையது.

ஆகவே பழம்பொருள் வாங்க விழைவோர்க்குச் சில கருத்துகளைக் கூற விரும்புகிறேன்.

முதலாவது, தேவை. எதை வைக்க வாங்குகிறோம் என்று தெளிந்து, வைக்கும் இடத்தையும் அதற்குச் செல்லும் வாயிலையும் அளந்த பின்னரே வாங்குதல் வேண்டும். பயனின்றி இடத்தை அடைக்கும் பொருள் எத்துணைப் பழையதாயினும் வீண்விரயமே.

இரண்டாவது, ஆய்வு. முகப்பைப் பார்த்து மயங்காமல் பின்புறத்தையும் அடிப்புறத்தையும் காண்க. இழுப்பறையை வெளியே எடுத்து மூலைகளை நோக்குக. கையால் வெட்டிக் கோத்த மூட்டுகள் ஒன்றுபோல் மற்றொன்று இரா. கைரம்பத்தின் தடம் நேர்க்கோடாக இருக்கும். வட்டரம்பத்தின் தடம் வளைந்திருக்கும். வட்டரம்பம் பரவலானது 19ஆம் நூற்றாண்டில்தான். கைபடும் இடத்திலும் இழுப்பறை உராயும் விளிம்பிலும் தேய்மானம் இருத்தல் இயற்கை. எல்லா இடத்திலும் சீராகத் தேய்ந்திருப்பின் அது புதிதாகச் செய்த பழமை என ஐயுறலாம். உளுத்த துளைகளின் கீழே வெளிறிய புதுத்தூள் உதிர்ந்திருப்பின் வண்டு இன்னும் உயிரோடு இருக்கிறது. அப்பொருளை வீட்டிற்குள் கொணர்தல் மற்றப் பொருள்களுக்கும் கேடாகும்.

மூன்றாவது, இடத்தின் இயல்பு. உப்பங்காற்று வீசும் ஏரிக்கரையில் இரும்புக் கீல் துருவேறி மரத்தையும் கறைப்படுத்தும், பித்தளை தாங்கும். எண்ணெய்ப் பசையுள்ள தேக்கு கறையானை எதிர்த்து நிற்பது. ஈரம் ஏறும் தரையில் கால் உயர்த்திய பெட்டகமே நீடிக்கும். காலத்தால் மரத்தில் படிந்த நிறத்தைச் சுரண்டி எடுத்துப் பளபளப்பு ஏற்றுவோர், தாம் விலை கொடுத்து வாங்கிய பழமையைத் தாமே அழிக்கின்றனர்.

நான்காவது, வந்த வழி. இதுவே தலையாயது. இப்பொருள் யாருடைய வீட்டிலிருந்து வந்தது, அவர்கள் விரும்பி விற்றார்களா, வக்ஃபு உடைமையோ கோயில் உடைமையோ ஆகுமா எனக் கேட்டறிதல் நம் கடமை. காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவின் கடைகளில், செட்டிநாட்டு வீடுகள் பிரிக்கப்பட்டபோது வந்த பர்மாத் தேக்குக் கதவுகளும் பெட்டிகளும் குவிந்திருப்பதைக் கண்டோர் பலர். வாங்குவது குற்றமன்று, கேளாமல் வாங்குவது தவறு. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம், நூறாண்டு கடந்த கைவினைப் பொருள்களைத் தொல்பொருள் என வரையறுத்து, தனியார் அவற்றை வெளிநாட்டிற்கு அனுப்புவதைத் தடைசெய்கிறது. இலக்கிய, வரலாற்று மதிப்புடைய கையெழுத்துச் சுவடிக்கு அச்சட்டம் வகுத்த காலம் 75 ஆண்டுகளே. பெட்டியினும் ஏட்டிற்கு அச்சட்டம் விரைந்து காப்பளிப்பது சிந்திக்கத்தக்கது.

"வறியவர் விற்கிறார்; செல்வர் வாங்குகிறார்; இதில் உமக்கென்ன?" எனச் சிலர் வினவலாம். மகளின் திருமணத்திற்கோ மருத்துவத்திற்கோ ஒருவர் பெட்டகத்தை விற்பாரெனில் அவரைத் தடுக்க நமக்கு உரிமையில்லை. ஆனால் அதன் உண்மை மதிப்பை அவருக்கு எடுத்துச் சொல்வதும், உள்ளிருக்கும் தாள்களை எடுத்துக் கொடுப்பதும் வாங்குவோர்க்கு உரிய அறம். மேலும், மீனவர் குடில்களில் தேக்கும் கருங்காலியும் இருந்ததில்லை. தகரப்பெட்டியும் பனையோலைப் பெட்டியுமே அவர்தம் பெட்டகங்கள். பழவேற்காட்டு முஸ்லிம் பெண்டிர் பனையோலையில் முடையும் பெட்டிகள் இன்றும் அவ்வூருக்குப் பெயர் தருபவை. பழமையைப் போற்றுவோர் வாழும் அக்கைத்திறனுக்கும் இடமளித்தல் நன்று.

மாணவச் செல்வங்களே! விடுமுறையில் ஊர் செல்லும்போது உங்கள் வீட்டுப் பரணிலும் பெட்டகத்திலும் உள்ளவற்றைப் பெரியோர் இசைவுடன் திறந்து பாருங்கள். அரபு எழுத்தைக் கண்டால் ஒருமுறை வாய்விட்டு வாசியுங்கள், தமிழாக ஒலிக்கக்கூடும். படியெடுத்து நம் துறைக்குக் கொணருங்கள். பெரியோர்களே! உங்கள் இல்லத்துப் பெட்டகம் முன்னோர் விட்டுச்சென்ற அமானிதம். அதனை வைத்திருப்பதும் விற்பதும் உங்கள் விருப்பம். விற்குமுன் ஒருமுறை முழுவதுமாகத் திறந்து பாருங்கள்.