வாக்கும் அட்டையும்

மக்களாட்சி என்னும் மாளிகைக்கு வாயில்கள் இரண்டு. ஒன்று, தேருநர் இடாப்பிலே பெயர் பதியப்பெறுதல். மற்றொன்று, வாக்களிப்பு நிலையத்திலே அப்பெயருக்குரியவர் தாமே என மெய்ப்பித்தல். முதல் வாயிலைக் கடந்தவர் அனைவரும் இரண்டாவதையும் எளிதிற் கடக்கின்றனரா என்பதே ஈண்டு நான் ஆராயப் புகுந்த பொருள்.

பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டு, ஓலையிற் பெயரெழுதிக் குடத்திலிட்டு உறுப்பினரைத் தெரிந்த முறையைக் கூறுகின்றது. ஒருவரையொருவர் அறிந்த அவ்வூரில் முகமே சான்றாயிற்று. 2024 ஆம் ஆண்டுச் சனாதிபதித் தேர்தலிலோ, இலங்கையிற் பதிவுபெற்றோர் ஒரு கோடியே 71 இலட்சத்துக்கும் மேற்பட்டோர். இப்பெருந்திரளில் முகமறிதல் போதாது. ஆள்மாறாட்டம் என்னும் நோய்க்கு மருந்தாகவே 2004 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கத் தேர்தல்கள் (விசேட ஏற்பாடுகள்) சட்டம் பிறந்தது. தேசிய அடையாள அட்டை, கடவுச்சீட்டு, சாரதி அனுமதிப்பத்திரம், ஓய்வூதியர் அட்டை, முதியோர் அட்டை முதலியவற்றுள் ஒன்றைக் காட்டினாலன்றி வாக்குச்சீட்டுப் பெறல் இயலாது. நோக்கம் நன்று, அதனை மறுப்பாரில்லை.

ஆயினும், சுமை யாவர்க்கும் ஒன்றன்று. நாலந்தாவிலே கடை வைத்திருக்கும் வணிகர்க்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர்க்கும் இப்பட்டியலில் இரண்டு மூன்று கைவசமிருத்தல் கூடும். மாத்தளைத் தோட்டமொன்றில் லயன் அறையில் வாழும் தொழிலாளிக்கோ தேசிய அட்டை ஒன்றே கதி. அதற்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும்; உரிய அலுவலரின் உறுதிப்பாடு வேண்டும்; அலைந்த நாளின் கூலியும் போகும்.

தமிழாசிரியன் என்ற முறையில் இன்னொன்றும் சொல்வேன். பிறப்புப் பதிவிலே ‘செல்லம்மா’. பள்ளி இடாப்பிலே ‘செல்லம்மாள்’. தோட்டத்துச் செக்ரோலிலே ‘செல்லாயி’. தமிழ்ப் பெயர் பிறமொழி எழுத்திற் புகுந்து மீளும்போது ழகரம் லகரமாகிவிடும். எழுத்து ஒன்று பிழைத்தால் ஆளே வேறாகிறாள்!

காகிதமின்மையால் வாக்கிழத்தல் மலையக மக்களுக்குப் புதிதன்று. 1947 ஆம் ஆண்டுத் தேர்தலிலே இலங்கை இந்தியக் காங்கிரசார் எழுவர் பாராளுமன்றம் புகுந்தனர். 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், இங்கு பிறந்தார்க்கும் தந்தையின் பிறப்புக்குச் சான்று கேட்டது. 1949 ஆம் ஆண்டுத் திருத்தம் குடியுரிமையற்றோரை இடாப்பினின்றும் நீக்கிற்று. நாடற்றோர் நிலை நீங்க 1988, 2003 ஆம் ஆண்டுச் சட்டங்கள் வரை காத்திருக்க நேர்ந்தது. இவ்வளவு அரிதிற் பெற்ற உரிமை ஓர் அட்டையின்மையாற் பயனற்றுப் போதல் தகுமா?

அட்டையில்லாத தேருநர்க்குத் தேர்தல்கள் ஆணைக்குழு தற்காலிக அட்டை வழங்குகின்றது. ஆனால் குறித்த நாளுக்குமுன் கிராம அலுவலர் வழியே விண்ணப்பித்தல் வேண்டும். செய்தி எட்டாதவர்க்கு அவ்வாயிலும் அடைபட்டதே. இந்தியாவில் வாக்காளர் அட்டைக்கு மாற்றாக, ஊரக வேலையுறுதித் திட்ட அட்டை, நிழற்படமுள்ள வங்கிப் புத்தகம் ஆகியனவும் ஏற்கப்பட்டுள்ளன. பிரித்தானியா 2022 ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிழற்படச் சான்றைக் கட்டாயமாக்கியபோது, அஃதில்லார்க்கு இலவசச் சான்றிதழும் வகுத்தது. அட்டையைக் கேட்கும் சட்டமே அட்டையைக் கொடுக்கவும் கடப்பாடுடையது என்பதே இவற்றால் பெறப்படும் நீதி.

ஆசிரியர்க்கும் இதிற் பங்குண்டு. மாணவர் 15 வயதெய்தியதும் அதிபர் வழியே அட்டைக்கு விண்ணப்பிக்கின்றனர். அப்போதே பெயரெழுத்தை ஒப்புநோக்கித் திருத்துவோமாக. இடையிற் பள்ளி நீங்கியோரையும் தேடிச் செல்வோமாக.

மகாவலித் திட்டத்து நீர்த்தேக்கம் எழுந்தபோது எங்கள் நாலந்தாக் கெடிகேயின் கற்களைப் பெயர்த்து மேட்டுநிலத்திலே மீண்டும் கட்டினர். கல்லுக்குக் கல் இடமறிந்து வைத்த நாட்டுக்கு, மனிதரின் பெயரைப் பிழையற எழுதி அவர் கையிற் கொடுத்தல் அரிய செயலன்று.