"உட்காருங்கோ" என்று ஒரு வார்த்தை



இந்த முறை வந்த கடிதங்களில் ஒன்று மனசை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. எழுதியவர் தஞ்சைப் பக்கத்து அம்மாள். மகளுக்குப் பிரசவம் பார்க்கப் பின்லாந்து போயிருக்கிறார். மாப்பிள்ளைக்கு எஸ்போ நகரில் உத்தியோகம். குழந்தை பிறந்து பத்தே நாள். ஒரு பிற்பகல், மகள் அசந்து தூங்கும் நேரத்தில் வாசல் மணி அடித்திருக்கிறது. திறந்தால் எதிர் வீட்டுப் பாட்டி, கையில் துணியால் மூடிய தட்டு, கமகமவென்று ஏலக்காய் வாசனை!

"அவங்க சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். 'உள்ளே வாங்க, உட்காருங்க'ன்னு சொல்ல எனக்கு பாஷை வரலை. தட்டைக் கொடுத்துட்டு ஒரு நிமிஷம் நின்னாங்க. அப்புறம் போயிட்டாங்க. என் பெண்ணுக்கு அந்த ஊரில் ஒத்தாசைக்கு இருப்பது அவங்க ஒருத்தர்தான். வீடு தேடி வந்தவங்களை வாசலோடு அனுப்பிட்டேனே! நான் ஊர் திரும்பின பிறகு, ராத்திரி குழந்தைக்கு ஒண்ணுன்னா அவங்க கதவைத் தட்ட என் பெண்ணுக்கு மனசு வருமா?" என்று கேட்கிறார்.

முதலில் ஆறுதல். அந்தப் பாட்டி கோபித்துக்கொண்டு போயிருக்க வேண்டியதில்லை. அழைக்காமல் பிறர் வீட்டுக்குள் நுழைவது அங்கே பழக்கமில்லை. நீங்கள் கூப்பிடுவீர்களா என்று ஒரு நிமிஷம் நின்று பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். பேச்சில்லாத மௌனத்தையும் அவர்கள் மரியாதைக் குறைவாக நினைப்பதில்லை. ஆனாலும் கூப்பிட வேண்டியது நம் கடமை அல்லவா? அதற்கு நாலு வார்த்தை போதும்.

உட்கார் என்பதற்குப் பின்னிஷ் மொழியில் "இஸ்து". குழந்தையிடமும் சிநேகிதியிடமும் சொல்லலாம். வளர்ப்பு நாயை உட்கார வைக்கவும் இதே "இஸ்து"தான்! ஆகவே முன்பின் பழகாத பெரியவர்களிடம் மொட்டையாக இதைச் சொல்லிவிடாதீர்கள். கூடவே ஒரு "கா" சேர்த்தால் "இஸ்துகா", அதாவது உட்காருங்கள். நம் "உட்கார்" எப்படி "ங்கள்" சேர்ந்ததும் மரியாதையாகிறதோ, அதே கதைதான். பலரைக் கூப்பிடவும், ஒருவரை மரியாதையாகக் கூப்பிடவும் ஒரே விகுதி என்பதிலும் நம்மைப் போலவே.

தயவுசெய்து என்பதற்கு என்ன வார்த்தை என்று தேடாதீர்கள். அதற்கென்று தனியாக ஒரு சொல் பின்னிஷில் இல்லை. நாம் மட்டும் வீட்டுக்கு வந்தவரிடம் "தயவுசெய்து உட்காருங்கள்" என்றா சொல்கிறோம்? அவர்கள் "ஒல்கா ஹ்யுவே" என்று சேர்த்துக்கொள்கிறார்கள். "நல்லவராக இருங்கள்" என்பது சொல்லுக்குச் சொல் பொருள். இது மிக உபயோகமான வார்த்தை. காபியை நீட்டும்போது "இந்தாங்க" என்பதற்கும் இதுதான். அவர்கள் "கீதொஸ்" என்று நன்றி சொன்னால், பதிலுக்கு "இருக்கட்டும்" என்பதற்கும் இதேதான்.

ஆக, சொல்ல வேண்டியது: "இஸ்துகா, ஒல்கா ஹ்யுவே."

உச்சரிப்பில் கொஞ்சம் கவனம். "கா"வைக் காது என்பதில் வருவதுபோல் சொல்லி, நன்றாக நீட்ட வேண்டும். "ஹ்யு"வுக்கு, உ சொல்வதுபோல் உதட்டைக் குவித்துக்கொண்டு இ சொல்லிப் பாருங்கள். கடைசி எழுத்து ஏ-க்கும் ஆ-வுக்கும் நடுவே, பேங்க் என்று சொல்லும்போது வருகிற ஒலி. இதை மட்டும் நீட்டாமல் குறுக்கிவிடுங்கள். எந்தச் சொல்லிலும் முதல் அசையில்தான் அழுத்தம். இரண்டு நாள் பாத்திரம் தேய்க்கும்போது சொல்லிப் பாருங்கள், தானாக வந்துவிடும்.

உட்காரச் சொல்லும் முன் உள்ளே அழைக்க வேண்டுமே? "கேய்கே பெரெம்மேல்லெ" என்பார்கள். வாசலிலேயே நிற்காமல் இன்னும் உள்ளே வாருங்கள் என்று பொருள். நாற்காலியைக் காட்டி "தேஹேன் வொய் இஸ்துஅ" என்றும் சொல்லலாம். "இங்கே உட்காரலாம்" என்று நாம் சொல்கிற தினுசுதான். நீ, நீங்கள் என்ற சங்கடமே இதில் இல்லை!

இதில் இன்னொரு விஷயம். நம்மைவிட அவர்கள் "நீ" என்பதைத் தாராளமாகப் புழங்குவார்கள். 1960-களின் கடைசியிலிருந்தே அங்கே "நீங்கள்" குறைந்து, "நீ" பரவியது. பேத்தியை "நெஉவொலா" என்கிற தாய் சேய் நல நிலையத்துக்கு எடுத்துப் போகும்போது, உங்கள் மகள் வயது நர்ஸ் "இஸ்து வய்ன்" என்று சொல்லக்கூடும். "சும்மா உட்காரு" என்கிற மாதிரி. என்னை நீ என்று சொல்லிவிட்டாளே என்று முகம் வாடாதீர்கள். அது பிரியம்தான். எதிர் வீட்டுப் பாட்டியும் உங்களை அப்படி அழைத்தால், நீங்களும் "இஸ்து, ஒலெ ஹ்யுவே" என்று மாறிக்கொள்ளலாம்.

வீட்டிலும் சின்ன ஏற்பாடு செய்யுங்கள். நம் ஊர் போலவே அங்கேயும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவார்கள். பனிக்காலத்தில் கனமான பூட்ஸ். வயதானவர்கள் குனிந்து கழற்றச் சிரமப்படுவார்கள். வாசல் பக்கமாக ஒரு ஸ்டூல் போட்டு வையுங்கள். கோட்டை மாட்ட ஒரு கொக்கியும் காலியாக இருக்கட்டும். வாய் திறக்கும் முன்பே வீடு "வாங்க" என்று சொல்லிவிடும்.

பிறகு காபி. உலகத்திலேயே அதிகமாகக் காபி குடிப்பவர்களில் அவர்கள் முன் வரிசை. நமக்குக் கொஞ்சம் தண்ணியாகத் தோன்றும், அவர்களுக்கு அதுதான் பிடிக்கும். பாட்டி கொண்டு வந்தது அநேகமாக "புல்லா"; ஏலக்காய் போட்ட இனிப்பு பன். காபிக்குத் துணையாக வைப்பது. பாருங்கள், நம் பாயச வாசனையோடுதான் உங்கள் வாசலில் வந்து நின்றிருக்கிறார்!

சகோதரி, இனியும் தாமதிக்காதீர்கள். அந்தத் தட்டைக் காலியாகத் திருப்பித் தராமல், கையால் செய்த ஏதாவது ஒரு தித்திப்பை வைத்துக்கொண்டு போங்கள். மகளையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டே போங்கள். "துல்கா மெய்ல்லெ கஹ்வில்லெ", எங்கள் வீட்டுக்குக் காபி சாப்பிட வாருங்கள் என்று சொல்லுங்கள். உச்சரிப்பு தப்பினால் பாட்டி சிரிப்பார். சிரித்தால் நல்லதுதானே!

அவர் வந்து உட்கார்ந்த பிறகு, பேச்சை உங்கள் மகள் பார்த்துக்கொள்ளட்டும். நீங்கள் ஊர் திரும்பிய பிறகும் அந்த நாற்காலி அங்கேதான் இருக்கும். அதில் ஒரு தடவை உட்கார்ந்தவர் வீட்டுக் கதவை ராத்திரியில் தட்ட, உங்கள் பெண்ணுக்குத் தயக்கம் வராது.