கிணற்று நீரும் நமது கடமையும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனுமில்லை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களிற் பெய்யும் மாரிமழை மெல்லிய செம்மண்ணூடாக இறங்கி, சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தங்கி, கீழேயுள்ள உவர்நீரின்மேல் ஒரு வில்லைபோல் மிதந்து நிற்கின்றது. அதனையே கிணறு தோண்டி அள்ளுகின்றோம். நமது கல்லூரியிற் பூமிசாஸ்திரம் கற்றோர் யாவரும் அறிந்த பாடமே இது. அப்பாடத்தின் உட்பொருளை ஊரவர்க்குத் தெளிவாக உணர்த்தியது சுன்னாகத்துக் கிணறுகளில் மிதந்த எண்ணெய்.

மணல் நிலத்திலே நீர் மெல்லக் கசிந்து ஓரளவு அரிக்கப்பட்டுச் செல்லும். சுண்ணக்கல்லிலோ அது பிளவுகளின் வழியே விரைந்தோடிவிடும். உடன்வரும் அழுக்கும் அவ்வாறே. ஆதலின் என் கிணறு, உன் கிணறு என்பது வேலிக்கு மேலேயுள்ள வழக்கேயன்றி நிலத்தின் கீழ் அப்பாகுபாடு கிடையாது. எல்லைக் கதியாலுக்கு ஆண்டுக்கணக்காக வழக்காடும் நம்மவர் இதனைச் சற்றே சிந்தித்தல் நன்று.

சுன்னாகம் மின்னிலையச் சூழலிலுள்ள கிணறுகளில் எண்ணெய்ப் படலமும் நாற்றமும் இருப்பதாக மக்கள் முறையிடத் தொடங்கியபோது அதனைச் செவிமடுத்தோர் சிலரே. பின்னர் நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை ஏறத்தாழ 150 கிணறுகளின் நீரைச் சோதித்து, அவற்றுட் பெரும்பாலானவற்றில் எண்ணெயும் கிரீசும் அளவுக்கு மிஞ்சியுள்ளன என அறிவித்தது. 2015 ஆம் ஆண்டின் முற்பகுதியில் மக்கள் வீதிக்கு வந்தனர். மல்லாகம் நீதவான் நீதிமன்றில் வழக்கும் எழுந்தது. பவுசரில் வந்த நீருக்காக, கிணறுடைய வீட்டுப் பெண்கள் குடத்துடன் காத்துநின்றனர். அவ்வேளையில் வடமாகாண சபை நியமித்த நிபுணர் குழுவோ, அஞ்சத்தக்க மாசு இல்லை என்னும் கருத்துப்பட அறிக்கை தந்தது. ஓர் அறிக்கை ஆம் என்ன, மற்றோர் அறிக்கை அன்று என்ன, குழந்தைக்கு எந்நீரைக் கொடுப்பது என்று தாய்மார் கலங்கினர். கிருமியைக் கொல்ல நீரைக் காய்ச்சலாம். எண்ணெய்க்கு அது மருந்தன்று.

முடிவில் இப்பிணக்கு உயர் நீதிமன்றம் சென்றது. அடிப்படை உரிமை மனுவைத் தொடுத்தவர் கலாநிதி ரவீந்திர காரியவசம் என்னும் சிங்களச் சுற்றாடலியலாளர். இதனை நாம் நன்றியுடன் குறித்தல் வேண்டும். 2019 ஏப்ரல் 4 இல் வந்த தீர்ப்பு, அங்கு மின் உற்பத்தி செய்த நொதேர்ன் பவர் கம்பனியின் செயலால் நிலத்தடி நீர் மாசுற்றதெனக் கண்டு, மாசுபடுத்தியவரே ஈடுசெய்தல் வேண்டும் என்னும் நியாயப்படி 2 கோடி ரூபா நட்டஈடு விதித்தது. கிணற்றுச் சொந்தக்காரர் ஒருவருக்கு 40,000 ரூபாவுக்கு மேற்படாத தொகை. அதுவும் கிணற்றைத் துப்புரவாக்குதற்கு.

தீர்ப்பு போற்றற்குரியதே. ஆயினும் கிணற்றை எத்தனை முறை இறைத்தாலும், பாறைப் பிளவில் ஒட்டிய எண்ணெய் அடுத்த மாரியில் மீண்டும் ஊறாதென்று யார் பிணை நிற்பார்? காசு ஒருமுறை வந்து முடிவது. கண்காணிப்போ ஆண்டுதோறும் நடைபெற வேண்டுவது. அன்று மக்களிடம் உள்ளக் கொதிப்பு நிரம்ப இருந்தது. தம் கிணற்றின் கணக்கை மட்டும் அவர்கள் தம் கையில் வைத்திருக்கவில்லை. அதனாலேயே யாருடைய அறிக்கையை நம்புவது என்னும் தடுமாற்றம் நேர்ந்தது. சோதனை எண்கள் அலுவலகப் பேழையிற் கிடப்பனவல்ல. அந்நீரை உண்பவனுக்கு உரியன என்பது நமது துணிபு.

இங்கே நமது கல்லூரிக்கு வேலையுண்டு. யூபிலி நிதியைக் கொண்டு தோரணவாயில் எழுப்புதல் வேண்டும் என்போரும், மண்டபத்துக்கு மாபிள் பதித்தல் வேண்டும் என்போரும் நம்மிடையே உளர். வாயில் இன்னும் பத்தாண்டு பொறுக்கும். கல்லூரி அரசியலிற் புகலாகாது என்று சில பெரியவர் கூறவுங்கூடும். நீரை அளந்து எழுதிவைத்தல் எக்கட்சியின் அரசியலோ நாம் அறியோம்.

உயர்தர விஞ்ஞான மாணவர் இரசாயன ஆசிரியரின் துணையுடன், சுற்றுவட்டாரத்து ஐம்பது கிணறுகளின் நீர்மட்டம், உவர்ப்பு, நைத்திரேற்று ஆகியவற்றை மாரிக்கு முன்னும் பின்னும் அளந்து ஒரு பதிவேட்டில் எழுதலாம். பசளையால் வரும் நைத்திரேற்று வலிகாமத்தில் எண்ணெய்க்கு முன்னரே இருந்துவந்த தொல்லை. எண்ணெயை அளத்தல் பள்ளி ஆய்வுகூடத்தின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டது. இலீற்றருக்கு ஒரு மில்லிகிராம் அளவிலான பொருளை நிறுக்க நுண்ணிய தராசும் கைதேர்ந்த பயிற்சியும் வேண்டும். எனவே அம்மாதிரிகளைப் பல்கலைக்கழக ஆய்வுகூடத்துக்கு அனுப்புதலே தக்கது. பிளாத்திக்குப் போத்தலில் எண்ணெய் ஒட்டிக்கொள்ளுமாதலால் கண்ணாடிப் போத்தலிலேயே மாதிரி எடுத்தல் வேண்டும். இத்தகைய நுட்பங்களையும் மாணவர் இதனாற் கற்பர்.

கட்டணத்தைக் கடல்கடந்து வாழும் பழைய மாணவர் ஏற்பாராயின், கிணற்றுச் சொந்தக்காரர் ஒருவரும் ஒரு சதமும் தரவேண்டியதில்லை. ஒவ்வொருவருக்கும் அவரவர் கிணற்றின் முடிவு எழுத்திற் கையளிக்கப்படுவதோடு, முழுப் பட்டியலும் வாசிகசாலைகளிலும் கோயில் வீதிகளிலும் ஒட்டப்படல் வேண்டும். இதனை அடுத்த பொதுக்கூட்டத்தில் ஒரு பிரேரணையாகக் கொணர எண்ணியுள்ளோம். வழிமொழிய அன்பர்கள் முன்வருவார்களாக.