பக்கமா, பாக்கமா?

வெகு காலம் வடநாட்டில் இருந்துவிட்டுத் திரும்பிய நண்பர் ஒருவர், சென்ற வாரம் குரோம்பேட்டை ரயில் நிலையத்தில் இறங்கி, "சிட்லபக்கம் எந்தப் பக்கம்?" என்று நம்மை டெலிபோனில் கேட்டார்.

"ரயில் பாதைக்குக் கிழக்குப் பக்கம். ஆனால் அது பக்கம் அல்ல, ஸ்வாமி! பாக்கம்!" என்றோம்.

"ஒரு துணைக்கால்தானே? போனால் போகிறது!" என்று சொல்லிவிட்டு அவர் ஆட்டோ ஏறிவிட்டார்.

குற்றம் அவருடையது மட்டும் அன்று. இங்கிலீஷில் எழுதிய பலகையைப் பார்த்து ஊர்ப் பெயரைப் படிக்கிறவர்களுக்குக் குறிலும் நெடிலும் ஒன்றுதான். ஆயினும், தமிழில் ஒரு கால் போனால் பொருளே நொண்டியாகிவிடும் என்பதை நேயர்கள் அறிவார்கள்.

'பக்கம்' என்ற சொல்லுக்குத்தான் எத்தனை பொருள்! வலப் பக்கம், இடப் பக்கம் என்று திசை காட்டுவது அது. புத்தகத்தைப் புரட்டினால் ஏடும் பக்கம். வளர்பிறை பதினைந்து நாளும் ஒரு பக்கம். தேய்பிறை பதினைந்து நாளும் ஒரு பக்கம். வழக்கு நடந்தால் நியாயம் ஒரு பக்கமும் சாட்சி மற்றொரு பக்கமும் நிற்பதுண்டு.

'பாக்கம்' அப்படிப்பட்ட ஊர்சுற்றி அன்று. அது ஓரிடத்தில் குடியிருக்கும் சொல். பழந்தமிழர் நிலத்தை ஐந்தாகப் பிரித்தபோது ஊருக்கும் நிலத்துக்குத் தக்கபடி பெயர் வைத்தார்கள். மலைநாட்டு ஊர் சிறுகுடி. முல்லை நிலத்து ஊர் பாடி. மருத நிலத்து ஊர் பேரூர், மூதூர். கடலை அடுத்த நெய்தல் நிலத்து ஊர் பட்டினம், பாக்கம். நாற்கவிராச நம்பியின் அகப்பொருள் விளக்கம் இதை வரிசைப்படுத்திச் சொல்லுகிறது.

சிலப்பதிகாரம் படித்தவர்களுக்குப் புகார் நகரம் நினைவுக்கு வரும். அது இரண்டு பாக்கங்களாக இருந்தது. கடலோரத்தில் வணிகரும் யவனரும் பரதவரும் நிறைந்த மருவூர்ப்பாக்கம். உள்ளே அரசன் மாளிகையும் பெருஞ்செல்வர் இல்லங்களும் இருந்த பட்டினப்பாக்கம். இரண்டுக்கும் நடுவே மரச் சோலையில் நாளங்காடி. ஆக, பாக்கம் என்பது மீனவர் குப்பமாகவும் இருக்கலாம், ராஜவீதியாகவும் இருக்கலாம். சென்னைக் கடற்கரையிலும் இன்று ஒரு பட்டினப்பாக்கம் இருக்கிறது. இரண்டாயிரம் வருஷத்துப் பெயருக்கு என்ன ஆயுள் பாருங்கள்!

நாளடைவில் இந்தச் சொல் கடற்கரையை விட்டு உள்நாட்டுக்கு நடந்து வந்தது. தொண்டை நாடு முழுவதும் பரவிற்று. நுங்கம்பாக்கம், கோடம்பாக்கம், மீனம்பாக்கம் எல்லாம் அதன் குடும்பந்தான். சில இடங்களில் 'ப'கரம் தேய்ந்து 'வ'கரமாகிப் புரசைவாக்கம், வில்லிவாக்கம், மேடவாக்கம் என்று வேஷம் மாற்றிக் கொண்டது. 1708-ஆம் ஆண்டில் நவாப் தாவூத் கான் கிழக்கிந்தியக் கம்பெனியாருக்குக் கொடுத்த ஐந்து கிராமங்கள் திருவொற்றியூர், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தங்காடு என்பவை. ஐந்தில் இரண்டு பாக்கம்! கொடுத்த நவாபும் போனார். வாங்கிய கம்பெனியும் போயிற்று. பாக்கம் மட்டும் போகவில்லை.

"கடல் எங்கே, சிட்லபாக்கம் எங்கே? இங்கே நெய்தல் நிலத்துப் பெயருக்கு என்ன வேலை?" என்று நண்பர் காப்பி சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். நல்ல கேள்விதான். அவரை ஏரிக்கரைக்கு அழைத்துச் சென்றோம்.

தாம்பரத்துக்குக் கிழக்கே பாக்கங்களை எண்ணிப் பாருங்கள்: சிட்லபாக்கம், செம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம், பெரும்பாக்கம். ஒவ்வொன்றிலும் ஓர் ஏரி! சிட்லபாக்கம் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால், நீர் செம்பாக்கம் ஏரிக்குப் போகும். பிறகு நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகளின் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் சேரும். அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்ஹாம் கால்வாய், கோவளத்துக் கழிமுகம், அப்புறம் கடல். ஊர் கடலுக்குத் தூரமாக இருந்தாலும், ஊரின் தண்ணீர் கடலோடு உறவு விட்டுப் போகவில்லை. அப்படியிருக்க, நெய்தல் நிலத்துப் பெயர் இந்த ஊருக்குப் பொருந்தாது என்று எப்படிச் சொல்வது?

பெயரை நாம் மறந்தாலும் தண்ணீர் மறப்பதில்லை. ஏரிக்குள்ளும் வாய்க்காலிலும் மெல்ல மெல்ல வீடுகள் முளைத்தன. குப்பையும் கழிவுநீரும் சேர்ந்தன. 2015 டிசம்பரில் பெருமழை பெய்தபோது, வெள்ளம் தன் பழைய வழியைத் தேடிக்கொண்டு வீதி வீதியாக வந்தது. நாலே வருஷத்தில், 2019 கோடையில், அதே ஊரில் குடிதண்ணீர் லாரிக்குக் குடங்கள் வரிசையில் நின்றன. முழுகியவர்களே தவித்தார்கள்! அந்தக் கோடையில் ஊர்வாசிகள் மண்வெட்டியும் கூடையுமாக ஏரிக்குள் இறங்கினார்கள். பிறகு அரசாங்கமும் ஏரியைச் சீர்படுத்தப் பணம் ஒதுக்கிற்று. ஜனங்கள் முதலில் இறங்கினார்கள், சர்க்கார் பின்னால் வந்தது என்பதைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

2021 நவம்பரில் சிட்லபாக்கம் தாம்பரம் மாநகராட்சியில் சேர்ந்தது. பேரூராட்சி போய் மாநகராட்சி வந்ததில் நமக்கு ஆட்சேபம் இல்லை. வீதிகள் நகராகட்டும், நகர் மாநகராகட்டும். ஆனால் பாக்கம் என்ற பெயரைப் பலகையில் வைத்துக்கொண்டு, அந்தப் பெயருக்கு உரிய நீரைத் தூர்த்துவிடுவது, தகப்பனார் படத்துக்கு மாலை போட்டுவிட்டுத் தகப்பனாரைத் திண்ணையில் பட்டினி போடுவதைப் போன்றது.

ஏரிக்கரையில் மாலைக் காற்று நன்றாக வீசிற்று. நண்பர் சற்று நேரம் நீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "நான் விட்டுவிட்ட துணைக்காலை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். சிட்லபாக்கம்!" என்றார்.

நமக்கு வெகு திருப்தி. ஆனால் ஒன்று: எழுத்தில் உள்ள துணைக்காலைத் திருப்பித் தருவது எளிது. ஏரிக்கு ஏரி போகும் வாய்க்காலை யார் திருப்பித் தருவது? அந்தக் கால் இல்லாவிட்டால் எந்தப் பாக்கமும் அடுத்த மழைக்கு எழுந்து நிற்காது.