ரெட்ரோவில் யார் வாய் திறக்கிறார்கள்?

நீலகிரி மாவட்டம் குந்தாவில் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குக் காலைப் பெரட்டு என்றால் என்னவென்று சொல்லித் தர வேண்டியதில்லை. ஆட்கள் நிற்பார்கள். பெயர் கூப்பிடுவார்கள். யார் எந்தக் காட்டில் கொழுந்து எடுப்பது என்பது மேலிருந்து சொல்லப்படும். மாலையில் இலை நிறுக்கும்போது சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று எடை கழிக்கப்படும். ஏன் இவ்வளவு கழிக்கிறீர்கள் என்று தனியாளாகக் கேட்டுவிட முடியாது. அதைக் கேட்கத்தான் சங்கம் தேவைப்பட்டது.

1964இல் போடப்பட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட மலையகத் தமிழர்களில் ஏராளமானோர் நீலகிரிக்கு வந்தார்கள். அவர்களின் மறுவாழ்வுக்காகவே 1968இல் அரசு தேயிலைத் தோட்டம் (டான்டீ) தொடங்கப்பட்டது. அவர்களின் பேரப்பிள்ளைகளில் சிலர் இன்று கோவையிலும் பெங்களூருவிலும் மென்பொருள் எழுதுகிறார்கள். அங்கே பெரட்டு இல்லை. 'ரெட்ரோ' இருக்கிறது.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒரு ஸ்பிரிண்ட் முடிந்ததும் டீம் கூடுகிறது. எது சரியாக நடந்தது, எது சரியில்லை, அடுத்து எதை மாற்றுவது என்று பேசுகிறது. இதுதான் ரெட்ராஸ்பெக்டிவ். 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 பேர் கூடி எழுதிய அஜைல் அறிக்கையோடு வெளியான 12 கொள்கைகளில் கடைசிக் கொள்கையே, டீம் சீரான இடைவெளியில் தன்னைத் திரும்பிப் பார்த்து மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதுதான். மேனேஜர் சொல்வதைக் கேட்டுக்கொள்ளும் கூட்டமல்ல, வேலை செய்கிறவர்களே வேலையை விசாரிக்கும் கூட்டம். காகிதத்தில் எவ்வளவு ஜனநாயகம்!

நடப்பில் என்ன? குந்தாவிலிருந்து கோவைக்கு வேலைக்குப் போன தோழி ஒருவர் சொன்னார்: "ஒரு வருசம் எல்லா ரெட்ரோவுலயும் 'எல்லாம் நல்லா போகுது'ன்னு மட்டும்தான் சொன்னேன்." அந்த வருடம் ஒரு ரிலீஸ் சொதப்பியது. சோதிப்பதற்கான சர்வர் இரண்டு நாள் தாமதமாகக் கிடைத்ததுதான் காரணம் என்பது அவருக்குத் தெரியும். பழி டெஸ்டர் மேல் விழுந்தது. இவர் பேசவில்லை. அடுத்த ரிலீஸிலும் அதே சர்வர், அதே தாமதம், அதே சொதப்பல்.

ஏன் பேசவில்லை? சேர்ந்த முதல் வாரமே 'எந்த ஊர், அப்பா என்ன பண்றார், குலதெய்வம் எது' என்று கேட்டு முடித்துவிட்டார்கள். அதன் பிறகு அவர் சொல்லும் ஒவ்வொரு குறையும் 'கோட்டாவில் வந்தவர்' சொல்லும் குறையாகிவிடும் என்ற பயம். இவ்வளவுக்கும் தனியார் நிறுவன வேலையில் இடஒதுக்கீடே கிடையாது!

இது கற்பனைப் பயமல்ல. 2020இல் கலிபோர்னியா அரசுத் துறை சிஸ்கோ நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கை நினைத்துப் பாருங்கள். ஒரு தலித் பொறியாளர் ஐ.ஐ.டி.யில் இடஒதுக்கீட்டில் படித்தவர் என்பதை மேலதிகாரி சக ஊழியர்களிடம் சொன்னார், எதிர்த்துக் கேட்ட பிறகு அவர் ஓரங்கட்டப்பட்டார் என்பது புகார். நிறுவனம் அதை மறுத்தது. 2023இல் இரு மேலதிகாரிகள் மீதான வழக்கைத் துறையே கைவிட்டது. நிறுவனத்தின் மீதான வழக்கைக் கைவிடவில்லை. அதே 2023இல் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. கலிபோர்னியாவிலோ, சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் நிராகரித்தார்.

ரெட்ரோவின் முன்னோடி நார்மன் கெர்த் 2001இல் ஒரு விதி வகுத்தார். அன்றைக்கு இருந்த அறிவு, வசதி, சூழலுக்குள் ஒவ்வொருவரும் தம்மால் முடிந்ததைச் செய்தார்கள் என்று நம்பிக்கொண்டு பேச்சைத் தொடங்குங்கள் என்பது அதன் சாரம். பழி போடுவதைத் தடுக்கும் நல்ல விதி. ஆனால் அந்த நம்பிக்கை எல்லோருக்கும் சமமாகக் கிடைக்கிறதா? ஒருவர் தவறினால் 'சூழல் அப்படி', இன்னொருவர் தவறினால் 'தகுதி அவ்வளவுதான்' என்றால் விதி யாரைக் காக்கிறது?

ஆகவே ரெட்ரோ நடத்தும் பொறுப்பில் இருக்கும் தோழர்களுக்குச் சில வேண்டுகோள்கள். பேச்சை முதலில் தொடங்காதீர்கள். பத்து நிமிடம் எல்லோரும் பெயரில்லாமல் எழுதட்டும், சீட்டுகளைக் கலைத்து ஒருவர் படிக்கட்டும். 'இங்கே மனம்விட்டுப் பேச முடியுமா' என்று 1 முதல் 5 வரை ரகசியமாக மதிப்பெண் போடச் சொல்லுங்கள். பாதிப்பேர் 2 போட்டால் அன்றைய பேச்சுப்பொருள் அதுதான். சம்பள உயர்வை முடிவு செய்கிறவர் அறையில் இல்லாமலிருப்பது நல்லது. இருந்தால் கடைசியாகப் பேசட்டும். தமிழில் பேசினால் குறைவாக நினைக்காதீர்கள். நடத்துகிறவர் முறை வைத்து மாறட்டும். குறிப்பெடுக்கும் வேலை எப்போதும் ஒரு பெண் தலையில் விழ வேண்டாம். முடிவில் ஒன்றோ இரண்டோ தீர்மானம் போதும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு தேதி. அடுத்த ரெட்ரோ அதைச் சரிபார்ப்பதில் தொடங்கட்டும். சொன்னது நடக்கும் என்று தெரிந்தால்தான் சொல்லாதவரும் சொல்லத் துணிவார்.

ஒன்றை மறக்க வேண்டாம். சாதி வன்மத்தை ரெட்ரோவில் சீட்டெழுதித் தீர்க்க முடியாது. பாலியல் தொல்லையை விசாரிக்க 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்புகார்க் குழு வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டுச் சட்டம். சாதிப் பாகுபாட்டை விசாரிக்க அப்படியொரு குழுவைத் தனியார் நிறுவனங்களுக்கு எந்தச் சட்டமும் கட்டாயமாக்கவில்லை. அதைக் கேட்டு வாங்குவது சங்கத்தின் வேலை, நம் எல்லோரின் வேலை.

ஜனநாயகம் என்பது ஆட்சிமுறை மட்டுமல்ல, கூடி வாழும் முறை என்றார் அம்பேத்கர். எட்டுப் பேர் கூடும் ஓர் அறையில் அதைக் கடைப்பிடிக்க முடியாதவர்கள் நாட்டில் எப்படிக் கடைப்பிடிப்பார்கள்?

அந்தத் தோழி இப்போது டீம் லீட். அவர் நடத்தும் ரெட்ரோவில் புதிதாகச் சேர்ந்தவர்களின் சீட்டுதான் முதலில் படிக்கப்படுகிறது. அவர் பாட்டி நிறுவைக் களத்தில் கேட்க முடியாத கேள்வியை, இங்கே யாரும் கேட்காமல் போய்விடக் கூடாது என்பது அவர் எண்ணம்.