பழைய அலுமினிய ஒயர்: செலவு யார் தலையில்?

மாதுங்கா, சயான், தாராவிப் பக்கம் பழைய சால்களில் குடியிருக்கும் தமிழர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தீபாவளி போனஸ் வந்தால் சுவருக்கு வெள்ளை அடிப்பார்கள். தவணையில் பிரிட்ஜ் வாங்குவார்கள். சுவரில் ஓடும் மின்சார ஒயரை மட்டும் மாற்ற மாட்டார்கள். ஊருக்குப் பணம் அனுப்பி, பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டி, மீதியில் குடும்பம் நடத்தும் குமாஸ்தாவையும் தொழிலாளியையும் இதற்காகக் குறை சொல்லிப் பயன் இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஆபத்துக்குக் காசு எடுத்து வைக்க யாருக்கு மனம் வரும்?

ஆனால் ஆபத்து இருப்பது உண்மை. 1960-களிலும் 70-களிலும் வயரிங் செய்த பல வீடுகளில் போட்டது அலுமினியக் கம்பி. அப்போது நாட்டில் செம்புக்குத் தட்டுப்பாடு. அன்னியச் செலாவணி கொடுத்து இறக்குமதி செய்ய வேண்டியிருந்தது. அலுமினியமோ இங்கேயே உற்பத்தியானது. நம் மேட்டூரில்கூட 1965-ல் ஓர் அலுமினியத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. விலையும் குறைவு. எனவே வீட்டுக்குள்ளும் அலுமினியம் வந்தது.

இணைப்பில் கோளாறு

அலுமினியம் கெட்ட உலோகம் என்று சொல்ல முடியாது. ஊர் ஊராக மின்சாரம் கொண்டு போகும் கம்பிகள் இன்றும் அலுமினியம்தான். வீட்டுக்குள் கோளாறு வருவது சுவிட்சு, பிளக், பியூஸ் ஆகியவற்றில் ஸ்குரு வைத்து முடுக்கிய இடங்களில். சூடேறும்போது அலுமினியம் செம்பை விட மூன்றில் ஒரு பங்கு அதிகமாக விரியும். ஆறும்போது சுருங்கும். நாளடைவில் பிடி தளரும். காற்றுப் பட்டதும் அதன்மேல் படியும் ஆக்சைடு படலம் மின்சாரத்தை எளிதில் விடாது. தளர்ந்த இடம் சூடாகும். சூட்டில் மேலும் தளரும். செம்புக் கம்பியோடு சேர்த்து முறுக்கி டேப் சுற்றியிருந்தால் கேட்கவே வேண்டாம். மும்பை மழைக்காலத்து ஈரத்தில் அந்த இடம் அரித்துப் போகும்.

பியூஸ் காப்பாற்றும் என்று பலர் நம்புகிறார்கள். அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினால்தான் பியூஸ் போகும். தளர்ந்த இணைப்போ வழக்கமான மின்சாரத்திலேயே பழுக்கக் காய்ந்துவிடும்.

இரண்டு விளக்கும் ஒரு விசிறியும் ஒரு ரேடியோவும் ஓடிய காலத்து ஒயர் அது. அவை எல்லாம் சேர்ந்தாலும் ஏறக்குறைய ஓர் ஆம்பியர்தான். இன்று வெந்நீருக்குப் போடும் 1,500 வாட் ராடு மட்டுமே ஆறரை ஆம்பியர் இழுக்கிறது. மின்சாரம் இரண்டு மடங்கானால் இணைப்பில் சூடு நான்கு மடங்காகும்.

அமெரிக்காவிலும் 1965 முதல் 1973 வரை ஏராளமான வீடுகளுக்கு அலுமினிய ஒயர் போட்டார்கள். 1972-க்கு முன் தயாரான ஒயர் உள்ள வீடுகளில், இணைப்புகள் தீப்பிடிக்கும் அளவுக்குச் சூடாகும் வாய்ப்பு செம்பு ஒயர் வீடுகளை விட 55 மடங்கு என்று அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் எச்சரித்தது.

எதை முதலில் செய்வது?

முழுவதையும் செம்பாக மாற்றுவதே நிரந்தர வழி. அதற்கு ஒயர்மேன் சொல்லும் தொகையைக் கேட்டதும் பலர் பேச்சை விட்டுவிடுகிறார்கள். எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் செய்ய வேண்டியதில்லை.

முதலில் லைசென்ஸ் உள்ள ஒயர்மேனை வைத்து இணைப்புகளைச் சோதிக்க வேண்டும். கருகிய பிளக்கையும் சுவிட்சையும் மாற்ற வேண்டும். டேப் சுற்றிய முடிச்சுகளை அகற்றி, அலுமினியத்தையும் செம்பையும் சேர்ப்பதற்கென்றே உள்ள கனெக்டர் போட வேண்டும். அடுத்து, வெந்நீர் ராடு, இஸ்திரிப் பெட்டி, பிரிட்ஜ் ஆகியவற்றுக்கு எர்த்துடன் தனியாகச் செம்பு லைன் இழுக்க வேண்டும். ஒற்றை அறை வீட்டில் இது சில மீட்டர் தூரம்தான். விளக்கு, விசிறி லைன்களை அடுத்த போனசுக்கு மாற்றலாம். ஆனால் சுவிட்சு சுட்டாலோ, விளக்கு மினுக்கினாலோ, கருகல் வாடை வந்தாலோ அந்த லைனை அன்றே நிறுத்திவிட வேண்டும்.

சட்டத்தின் கணக்கு

செலவை யார் கொடுப்பது? வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வீட்டைப் பழுது பார்த்துக் குடியிருக்கத் தகுந்த நிலையில் வைப்பது வீட்டுக்காரரின் கடமை என்கிறது 1999-ம் ஆண்டு மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 14-வது பிரிவு. 15 நாள் நோட்டீஸ் கொடுத்தும் அவர் செய்யாவிட்டால், குடியிருப்பவரே செய்து வாடகையில் கழித்துக் கொள்ளலாம். ஆனால் ஆண்டு வாடகையில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் கழிக்கக் கூடாது.

பகடி வீட்டில் மாத வாடகை 200 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். ஆண்டுக்கு 2,400. கழிக்கக் கூடியது 600 ரூபாய். ஒரு சுருள் செம்பு ஒயர் வாங்கக்கூட இது போதாது. உரிமை ஏட்டில் இருக்கிறது. செலவு குடியிருப்பவர் தலையில் விழுகிறது.

200 ரூபாய் வாடகையில் எப்படிச் செய்வது என்று வீட்டுக்காரர் கேட்பார். அதிலும் நியாயம் உண்டு. ஆனால் தீப்பிடித்தால் எரிவது அவர் சொத்தும்தான். மீட்டரிலிருந்து அறை வாசல் வரை வீட்டுக்காரரும், அறைக்குள் குடியிருப்பவரும் செலவை ஏற்பதே முறை. மின்சாரப் பாதுகாப்பு வேலைக்கு மட்டுமாவது நான்கில் ஒரு பங்கு என்ற வரம்பை அரசு தளர்த்த வேண்டும். குறைந்த வட்டியில் கடனும் தர வேண்டும்.

அதுவரை சாலில் உள்ளவர்கள் சும்மா இருக்கக் கூடாது. இருபது அறைக்காரர்கள் ஒன்று சேர்ந்து ஒரே ஒயர்மேனை அமர்த்தி, ஒயரை மொத்தமாக வாங்கினால் செலவு குறையும். வீட்டுக்காரரிடம் பேசவும் பலம் இருக்கும். ஓர் அறைக்காரர் மட்டும் செம்பு போட்டுப் பயன் இல்லை. பக்கத்து அறையில் பிடிக்கும் தீ சுவரோடு நிற்காது.